டிரான்ஸ்ஃபார்மரா, சிலிக்கானா? லைன் இன்டர்ஃபேஸ் கார்டுகள் நீண்ட நாள் ஓட்டத்தில்

தொலைபேசி லைனைக் கணினியோடோ ஐபி தொலைபேசி அமைப்போடோ இணைக்கும் லைன் இன்டர்ஃபேஸ் கார்டு வாங்கும்போது எல்லோரும் சிப்பின் பெயரைத்தான் பார்க்கிறார்கள். ஐந்தாறு வருடம் ஓடிய கார்டைத் திறந்தால் சிப் பெரும்பாலும் நலமாக இருக்கும். குரலைக் கெடுத்திருப்பவை அதைச் சுற்றி நிற்கும் ஒன்றிரண்டு கெபாசிட்டர்களும் ரெசிஸ்டர்களும்.

பழைய பாணி கார்டில் 600:600 டிரான்ஸ்ஃபார்மர் (இருபுறமும் 600 ஓமுக்குப் பொருந்துவது) இருக்கும்; சிலிக்கான் கார்டில் அந்த வேலையைச் சிப்பே செய்யும். அழைப்பை எடுத்ததும் லைனில் ஓடும் 20 முதல் 40 மில்லிஆம்ப் டிசி கரண்ட் டிரான்ஸ்ஃபார்மர் வழியே போனால் அதன் இரும்புக் கோர் காந்தத்தால் நிறைந்து குரல் கரகரக்கும். ஆகவே கரண்ட்டை ஒரு டிரான்சிஸ்டர் சுற்று இழுத்துக்கொள்ள, குரல் மட்டும் கெபாசிட்டரைத் தாண்டி டிரான்ஸ்ஃபார்மருக்கு வரும். தேய்வது இந்தக் கெபாசிட்டர்தான். இருபுறமும் 600 ஓம், கெபாசிட்டர் 1 மைக்ரோஃபாரட் என்றால், 133 ஹெர்ட்ஸுக்குக் கீழேதான் ஒலி குறையத் தொடங்கும். தொலைபேசிக் குரல் 300-இல் தொடங்குவதால் பாதகமில்லை. மின்னல் அடிகளில் உள்ளே இருக்கும் உலோகப்பூச்சு சிறிது சிறிதாக எரிந்து 0.3-க்கு இறங்கினால் அந்த எல்லை 440 ஹெர்ட்ஸுக்கு ஏறிவிடும். கனத்த குரலும் தகரடப்பாவுக்குள்ளிருந்து பேசுவதுபோல் மெலிந்துவிடும். அளக்கும்போது கெபாசிட்டரின் ஒரு காலையாவது கழற்றிவிடுங்கள். பலகையில் வைத்தே அளந்தால் மற்ற பாகங்களும் சேர்ந்து மீட்டரை ஏமாற்றும்.

அதிகம் வரும் புகார் எதிரொலி. இரண்டு கம்பியில் போய்வரும் பேச்சை ஹைபிரிட் சுற்று தனித்தனிப் பாதையாகப் பிரிக்கிறது. லைனின் இம்பீடன்ஸும் (ஏசி சிக்னலுக்கு அது காட்டும் எதிர்ப்பு) அதைப் போலவே நடிக்க வேண்டிய கார்டின் பேலன்ஸ் நெட்வொர்க்கும் ஒத்துப்போகாவிட்டால், அனுப்பிய குரலில் ஒரு பங்கு திரும்பிவரும். ஐபி இணைப்பின் தாமதம் சேரும்போது அது தெளிவாகவே கேட்கும். உண்மையான கேபிள் வெறும் 600 ஓம் ரெசிஸ்டர் அல்ல. ஐரோப்பிய அமைப்பில் 270 ஓமுடன், 750 ஓமும் 150 நானோஃபாரடும் இணையாகச் சேர்ந்த தொகுப்பு வரும். சிலிக்கான் கார்டுகள் இங்கேதான் ஜெயிக்கின்றன: இம்பீடன்ஸை மென்பொருளிலேயே மாற்றலாம். முதலில் அதைச் சரிசெய்யுங்கள், ஒலி அளவை அப்புறம் தொடுங்கள். குரல் கேட்கவில்லை என்று இரு பக்கமும் ஏற்றிவிடுவது வழக்கமான தவறு. மாறாக இரு திசையிலும் 3 டெசிபல் குறைத்தால் பேச்சு 3 டெசிபல்தான் குறையும். இரு பாதையையும் கடந்து வரும் எதிரொலி 6 குறையும்.

50 ஹெர்ட்ஸ் ஹம் வேறு வகை நோய். பக்கத்து மின்கம்பி இரு கம்பிகளிலும் சமமாகத் தூண்டும் இரைச்சல், கார்டில் இரு கம்பிகளின் பாதையும் சமமாக இருக்கும்வரை ரத்தாகிவிடும். அந்தச் சமநிலையைக் கெடுப்பது, பாதுகாப்புக்கு ஒவ்வொரு கம்பியிலும் வைத்த பிடிசி (சூடேறினால் ரெசிஸ்டன்ஸ் ஏறி கரண்ட்டைத் தடுக்கும் பாகம்). ஒருமுறை சூடேறி மீண்டால் அது பழைய ரெசிஸ்டன்ஸுக்கு முழுதாகத் திரும்பாது. லைனைப் பிடுங்கி, ஆறியபின் இரண்டு பிடிசிகளையும் அளந்து பாருங்கள். ஓர் ஓமுக்கு மேல் வித்தியாசம் இருந்தால் ஜோடியாகவே மாற்றுவது நல்லது.

அழைப்பவர் எண் சில நாள் வருவதும் சில நாள் வராமல் போவதுமாக இருந்தால் சிப்பைச் சந்தேகிக்கும் முன் வேரிஸ்டரை (அதிக வோல்டேஜ் வந்தால் அதைத் தன் வழியே விட்டுக் கார்டைக் காக்கும் பாகம்) பாருங்கள். பல நாடுகளில் அந்த எண் முதல் ரிங்குக்கும் இரண்டாவதற்கும் நடுவே, அழைப்பை எடுக்காத நிலையிலேயே 1200 பாட் வேகத்தில் வரும். பல மின்னல் அடி வாங்கிய வேரிஸ்டர் கசியத் தொடங்கியிருந்தால் அந்த மெல்லிய சிக்னல் இரைச்சலில் மூழ்கும். சும்மா இருக்கும் லைனில் 48 வோல்ட்; கார்டைச் செருகியதும் அது பல வோல்ட் விழுந்தால் கசிவு உறுதி.

மின்னல் அதிகமுள்ள இடத்துக்கு டிரான்ஸ்ஃபார்மர் கார்டு இன்றும் மோசமில்லை. அடிபட்டால் மலிவான பாகங்களோடு தப்பிக்கும் வாய்ப்பு அதிகம். சிலிக்கான் கார்டில் அடி உள்ளே நுழைந்தால் பெரும்பாலும் சிப்பே போகும், ஆகவே வாசலிலேயே மின்னலை எர்த்துக்குத் திருப்பிவிடும் கேஸ் டியூப் அரெஸ்டரும் சரியான எர்த்தும் கட்டாயம். தொலைபேசிக்கு ரிங் கொடுக்கும் கார்டு எந்த வகையானாலும், 12 வோல்ட்டிலிருந்து ரிங் வோல்டேஜ் தயாரிக்கும் பகுதியின் எலெக்ட்ரோலிடிக் கெபாசிட்டர்களைச் சில வருடத்துக்கு ஒருமுறை மாற்றிவிடுங்கள். அவை காய்ந்தால் முதலில் பேச்சில் மெல்லிய கீச்சொலி நுழையும், மணி சோர்வது அதற்குப் பிறகுதான்.