ஏலக்காய் பில் மென்பொருள் வேலையை வெட்டுவது எப்படி: அடுக்குவாரியாகவா, பயன்வாரியாகவா?

போடியில் ஒரு ஏலக்காய் வியாபாரிக்கு பில் போடும் மென்பொருள் வேண்டும் என்று வைத்துக்கொள்வோம். அவர் சொல்லும் தேவை ஒரே வரி: "புத்தடியிலும் போடியிலும் ஏலத்தில் எடுத்த சரக்கை வித்தா பில் வரணும், இ-வே பில்லும் வரணும்." புத்தடி கேரளத்தில் இருக்கும் ஏலக்காய் ஏல மையம்; இ-வே பில் என்பது சரக்கை அனுப்ப அரசு போர்ட்டலில் எடுக்கும் மின்னணுச் சீட்டு. இந்த வேலையை இரண்டு வார ஸ்பிரின்ட்டில், அதாவது குழுவின் ஒரு வேலைச் சுற்றில், அடங்கும் துண்டுகளாக வெட்ட இரண்டு வழிகள் உண்டு.

ஒன்று, அடுக்குவாரி. தரவைச் சேமிக்கும் டேபிள்கள் ஒரு வேலை, திரைக்கும் டேபிளுக்கும் நடுவே தகவலைக் கடத்தும் ஏபிஐ ஒரு வேலை, திரை ஒரு வேலை, பிரின்ட் ஒரு வேலை. ஆட்களுக்குப் பங்கிடுவது சுலபம். டேபிள்களை மொத்தமாக யோசிப்பதால் அமைப்பும் ஒழுங்காக வரும்.

மற்றது, பயன்வாரி. ஒவ்வொரு துண்டும் டேபிளிலிருந்து பிரின்ட் வரை எல்லா அடுக்கையும் கொஞ்சம் கொஞ்சம் தொட்டு, வியாபாரி கையில் வாங்கிப் பார்க்கக்கூடிய ஒன்றில் முடியும். நான் இதைத்தான் எடுப்பேன். தப்பு எந்த வாரத்தில் வெளியே தெரிகிறது என்பதுதான் காரணம்.

எடையையே எடுத்துக்கொள்ளுங்கள். டேபிளில் எடையை முழுக் கிலோவாக வைத்துவிட்டார்கள். லாட் (ஏலத்தில் ஒரே தொகுப்பாக விற்கும் சரக்கு) எடையிலோ கிராமும் வரும். அடுக்குவாரியாகப் போனால், திரை தயாராகி கணக்குப்பிள்ளை தட்டச்சு செய்யும் நாளில்தான், அதாவது நான்காவது வாரத்தில், இது தெரியும். அதற்குள் டேபிள், ஏபிஐ, வரிக் கணக்கு மூன்றும் 'முடிந்தது' பட்டியலுக்குப் போயிருக்கும். மூன்றையும் மறுபடி திறந்து, மறுபடி சோதிக்க வேண்டும். பயன்வாரியில் முதல் வாரத்திலேயே ஒரு பில் காகிதத்தில் வந்துவிடும். ஏலச் சீட்டோடு ஒத்துப் பார்த்தால் அன்றைக்கே பிடிபடும். மாற்றவேண்டியது ஒரு புலம், ஒரு திரை. சாக்கு எடையைக் கழிப்பது, பைசாவை ரவுண்ட் செய்வது எல்லாம் இப்படித்தான் காகிதத்தைப் பார்த்த பிறகே பேச்சுக்கு வரும்.

வெட்டும் இடத்தை வியாபார விதிகளே காட்டும். முதல் துண்டு: ஒரே லாட், தமிழ்நாட்டுக்குள் விற்பனை, மத்திய அரசுக்கான சிஜிஎஸ்டி 2.5, மாநில அரசுக்கான எஸ்ஜிஎஸ்டி 2.5 சதவீதம். கடை முகவரி, ஏலக்காய்க்கான ஜிஎஸ்டி சரக்குக் குறியீடான எச்எஸ்என் 0908 இரண்டையும் நிரலிலேயே எழுதி வைத்தால் போதும். அடுத்தது கேரளத்துக் குமுளிப் பார்ட்டி: மாநிலம் தாண்டுவதால் இரண்டுக்கும் பதிலாக ஐஜிஎஸ்டி 5 சதவீதம். பிறகு ஒரே பில்லில் பல லாட், 7 மி.மீ., 8 மி.மீ. கிரேடுகள் தனித்தனி வரியாக. அதற்குப் பிறகு இ-வே பில்: எண்ணைக் கையால் பதிவது ஒரு துண்டு, எப்போது தேவை என்று எச்சரிப்பது வேறு துண்டு. இ-வே பில் தேவைப்படும் சரக்கு மதிப்பின் வரம்பு மாநிலம் தாண்டினால் 50,000 ரூபாய், தமிழ்நாட்டுக்குள் 1 லட்சம். ஆகவே இந்த எச்சரிக்கைக்கே இரண்டு சோதனைகள் வேண்டும். ஒரு துண்டு ஒன்று முதல் மூன்று நாள் வேலைக்குள் நிற்கட்டும்.

பயன்வாரியிலும் சறுக்கல் உண்டு. லாகின், சர்வர், பிரின்டர் இணைப்பு எல்லாம் முதல் துண்டின் தலையில் விழுவதால் அது மட்டும் ஐந்து நாள் வரை இழுக்கும். அதை முன்கூட்டியே வியாபாரியிடம் சொல்லிவிட வேண்டும். டேபிள் அடிக்கடி மாறும் என்பதால், மாற்றங்களை ஸ்கிரிப்ட்டாக (தானாக ஓடும் சிறு நிரலாக) வைத்துக்கொள்ளாத குழு திணறும். 'சேமி பட்டனைச் சேர்' என்கிற அளவுக்கு நறுக்கினால், அதைப் பார்த்து வியாபாரி சொல்ல எதுவும் இருக்காது. நல்ல துண்டு எப்படி இருக்க வேண்டும் என்று மென்பொருள் நிபுணர் பில் வேக் 2003-இல் தந்த 'இன்வெஸ்ட்' (INVEST) அளவுகோலில், பயன்படுத்துபவருக்கு மதிப்பு தர வேண்டும் என்று ஒன்று உண்டு. அடுக்குவாரித் துண்டுகளும் இந்தப் பட்டன் துண்டுகளும் தோற்பது அங்கேதான்.

பழைய கணக்கை மொத்தமாகப் புது டேட்டாபேஸுக்குக் கொண்டுவரும் வேலைக்கு அடுக்குவாரி பொருந்தலாம். அங்கே திரையே இல்லை. இ-வே பில்லைத் தானாக எடுக்கும் இணைப்பு இரண்டு வழிக்கும் சிக்கல்தான். போர்ட்டல் என்ன பதில் தரும் என்று பார்க்காமல் அளவு சொல்லக்கூடாது. ஒரே ஒரு நாள் ஒதுக்கி ஒரு சோதனை பில்லை அனுப்பிப் பார்த்துவிட்டு, அதற்கப்புறம் வெட்டுங்கள்.