எத்தனை தடவை ஏறினாலும் ஒரே எண் காட்டும் எடை மெஷினா? உஷார்

வீட்டுக்கு டிஜிட்டல் எடை மெஷின் வாங்கப் போகிறவர்கள் இதைப் படித்துவிட்டு வாங்குங்கள். பெட்டியில் ‘50 கிராம் துல்லியம்’ என்று கொட்டை எழுத்தில் போட்டிருந்த ஒன்றை வாங்கினேன். ஏறி நின்றால் 71.40. இறங்கி மறுபடி ஏறினாலும் அதே 71.40, புள்ளி பிசகவில்லை. பார்க்கிறவர்கள் அசந்துபோவார்கள்.

ஒருநாள் கையில் கால் லிட்டர் தண்ணீர் பாட்டிலோடு ஏறினேன். அப்போதும் 71.40! கால் லிட்டர் தண்ணீர் கால் கிலோ இருக்குமே, அது எங்கே போனது? சரி என்று பாட்டிலைக் கீழே வைத்துவிட்டு, ஒரு கனமான பையை மட்டும் மெஷினில் வைத்து எடுத்தேன், அப்புறம் வெறுங்கையோடு ஏறினால் 71.95. மறுபடி பை, மறுபடி நான், இப்போது 70.80.

நடப்பது இதுதான். இந்த மாதிரி மெஷின்கள் போன தடவை காட்டிய எண்ணை நினைவில் வைத்திருக்கும். புது எடை அதற்குப் பக்கத்தில் இருந்தால், அளந்ததை விட்டுவிட்டு பழைய எண்ணையே காட்டும். நடுவில் வேறு எடை வைத்தால்தான் சாயம் வெளுக்கும். எடை குறைக்கப் பாடுபடுகிறவருக்கு இது பெரிய அநியாயம், ஏனென்றால் கொஞ்சம் கொஞ்சமாகக் குறைவதை அது காட்டவே காட்டாது.

சர்வீஸுக்குப் போன் செய்தால் கார்பெட் மேல் வைத்தீர்களா, பேட்டரி மாற்றினீர்களா என்று ஆரம்பித்தார்கள். நியாயமான கேள்விதான், சென்சார்கள் நான்கு கால்களிலும் இருப்பதால் மெத்தென்ற தரையில் எடை தப்பாகத்தான் வரும். ஆனால் என் மெஷின் இருந்தது சமமான டைல்ஸ் தரையில், பேட்டரியும் புதுசு. கடைசியில், 50 கிராம் என்பது திரையில் எண் நகரும் அளவு மட்டும்தான், ஒரு கிலோ முன்னே பின்னே இருப்பது சகஜம் என்றார்கள். அப்படியானால் பெட்டியில் துல்லியம் என்று எதற்குப் போட்டீர்கள் என்றேன், பதில் இல்லை. பெட்டியைப் பிரித்துவிட்டதால் திருப்பி எடுக்கவும் முடியாதாம். பிரிக்காமல் எப்படி ஏறி நிற்பது?

வாங்குவதற்கு முன்பே, பிரித்த பிறகும் திருப்பி எடுப்பார்களா என்று எழுத்தில் கேட்டு வாங்கிக்கொள்ளுங்கள். கையில் வந்ததும் முதல் வேலையாக அந்தப் பை சோதனையைச் செய்யுங்கள். மெஷினை இடம் மாற்றினால் ஒரு தடவை காலால் அழுத்திவிட்டு, பூஜ்யம் வந்த பிறகு ஏறுங்கள். கொழுப்பு சதவீதம் காட்டுகிறது என்பதற்காகக் கூடுதலாகப் பணம் கொடுக்காதீர்கள், பாதம் வழியாக லேசான மின்சாரம் செலுத்திப் போடும் கணக்கு அது, உடம்பில் இருக்கும் நீரைப் பொறுத்தே மாறிவிடும்.