தங்கிப் பார்ப்பதா, போய் வருவதா?

கன்னியாகுமரி மாவட்டத்தில் மார்த்தாண்டம், கருங்கல், தக்கலைப் பக்கம் பிள்ளைகள் வளைகுடா நாடுகளில் இருக்க, வயதானவர்கள் மட்டும் வாழும் வீடுகள் நிறைய உண்டு. பராமரிப்பு வேலைக்குக் கூப்பிடுகிறவர்கள் முதலில் கேட்பது, "தங்குவீங்களா, போய்ட்டு வருவீங்களா?" நான் இரண்டும் செய்திருக்கிறேன்.

தங்கும் வேலையில் சாப்பாடும் இடமும் அவர்களுடையது. சம்பளம் அப்படியே கையில் நிற்கும். ஆனால் தூக்கம் போய்விடும். படுத்த படுக்கையாக இருப்பவரைச் சுமார் 2 மணி நேரத்துக்கு ஒருமுறை புரட்டிப் படுக்க வைக்க வேண்டும். இல்லையென்றால் இடுப்பிலும் குதிகாலிலும் படுக்கைப்புண் வரும். ராத்திரி முழுக்க அலாரம் வைத்து எழுந்துவிட்டு, பகலிலும் அதே வேலை. ஒரு வீட்டில் நான்கு மாதம் வார விடுப்பே தரவில்லை. அங்கிருந்த பாட்டி "மக்களே" (எங்கள் பக்கம் பிள்ளையைப் பாசமாகக் கூப்பிடுவது) என்று கையைப் பிடித்துக்கொள்வார். அதற்காகப் பொறுத்துக்கொண்டேன். அப்படிப் பொறுத்திருக்கக் கூடாது. வாரம் ஒருநாள் விடுப்பு, படுக்கத் தனி இடம், தூக்கிவிட இன்னொரு ஆள், இதையெல்லாம் முதல் நாளே பேசிவிடுங்கள்.

போய்வரும் வேலையில் சம்பளம் குறைவுதான். ஆனால் சாயங்காலம் வீட்டில் இருக்கலாம். 2021 முதல் சாதாரண அரசு நகரப் பேருந்துகளில் பெண்களுக்குக் கட்டணம் இல்லை என்பதும் பெரிய உதவி. மனசு மட்டும் அங்கேயே நிற்கும்: ராத்திரி மாத்திரை போட்டாரா, கழிவறைக்குப் போகும்போது விழுந்துவிட்டாரா என்று. அதனால் மாத்திரை விவரத்தை நோட்டில் எழுதி வைத்துவிட்டுத்தான் கிளம்புவேன்.

சின்னப் பிள்ளைகள் இருந்தால் போய்வரும் வேலையையே எடுங்கள். நோயாளிக்கு இரவும் பகலும் ஆள் வேண்டுமென்றால், இரண்டு பேரை மாற்றி மாற்றி வைக்கும்படி வீட்டாரிடம் தயங்காமல் கேளுங்கள்.