புயலுக்குப் பின் போர்டு மீட்டிங்: மூன்று நாட்டுச் சட்டங்களில் எது நம் கடற்கரைக்கு உதவும்?

2024 நவம்பர் 30 இரவு ஃபெஞ்சல் புயல் புதுச்சேரி அருகே கரையைக் கடந்தது. ஒரே நாளில் 45 சென்டிமீட்டருக்கு மேல் மழை. அடுத்த வாரம் ஒரு சிறிய கம்பெனியின் இயக்குநர்கள் கூடும் போர்டு மீட்டிங்குக்குப் போயிருந்தேன். போர்டு முன் வைக்கும் குறிப்புகளைத் தயாரித்துக் கொடுப்பதுதான் என் தொழில். குடோன் சுவரில் இடுப்பு உயரத்துக்குப் பழுப்பு நிறத்தில் தண்ணீர்க் கோடு. தீர்மானங்களை எழுதி வைக்கும் மினிட்ஸ் புத்தகத்தின் கீழ் ஓரம் ஊறி, தாள்கள் ஒன்றோடொன்று ஒட்டியிருந்தன. எழுதச் சொன்ன தீர்மானம் ஒரே வரி: வெள்ளச் சேதத்துக்கு இன்சூரன்ஸ் கிளெய்ம் போடப்படும். ஒட்டிய தாள்களைப் பிரித்துப் பின்னால் புரட்டினால், 2011 டிசம்பரில் தானே புயல் அடித்த பிறகு எழுதியதும் கிட்டத்தட்ட இதே வரிதான்.

இரண்டு புயலுக்கும் நடுவில் 13 வருடம். தண்ணீர் மறுபடி வரும் என்று தெரிந்தும் ஒன்றும் செய்யாத இயக்குநர்களைச் சட்டம் கேள்வி கேட்குமா? பிரான்ஸ், பிரிட்டன், இந்தியா மூன்றையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்தேன்.

பிரெஞ்சு சட்டம் நமக்கு அந்நியமில்லை. புதுச்சேரியில் பிரெஞ்சு சிவில் சட்டப்படி சொத்துப் பிரிக்கும் குடும்பங்கள் இன்றும் உண்டு. அதே சிவில் சட்டத்தின் 1833-வது பிரிவை 2019-இல் பிரான்ஸ் திருத்தியது. கம்பெனியை நடத்தும்போது அதன் சமூக, சுற்றுச்சூழல் விளைவுகளைக் கணக்கில் எடுக்க வேண்டும் என்று ஒரு வாக்கியம் சேர்த்தார்கள். 1962-லேயே சட்டப்படி புதுச்சேரி இந்தியாவோடு சேர்ந்துவிட்டதால் அந்தத் திருத்தம் நம்மைக் கட்டாது. ஆனால் 2017-இல் அவர்கள் போட்ட விழிப்புக் கடமைச் சட்டம் இங்கே வரை எட்டும். பிரான்ஸில் 5,000 பேர் அல்லது உலகம் முழுக்க 10,000 பேர் வேலை செய்யும் பிரெஞ்சுக் குழுமம், தன் சப்ளையர்களால் வரும் சுற்றுச்சூழல் ஆபத்தையும் கண்டறிந்து திட்டம் வெளியிட வேண்டும். வெளியிடாவிட்டால் பாதிக்கப்பட்டவர்கள் நோட்டீஸ் கொடுத்து, மூன்று மாதம் கழித்து பாரிஸ் நீதிமன்றத்துக்குப் போகலாம். புதுச்சேரி மேட்டுப்பாளையம் தொழிற்பேட்டையில் இருந்து அப்படிப்பட்ட குழுமத்துக்குத் தொடர்ந்து சரக்கு அனுப்பும் பட்டறைகூட அந்தத் திட்டத்துக்குள் வரக்கூடும். இதன் குறை, கடமை கம்பெனியின் தலையில்தான் விழுகிறது. இயக்குநர் என்ற தனி மனிதர் தப்பித்துக்கொள்கிறார்.

பிரிட்டனில் கடமை நேராக இயக்குநர் மேலேயே. 2006-ஆம் ஆண்டு கம்பெனிச் சட்டத்தின் 172-வது பிரிவு, பங்குதாரர்களின் நன்மைக்காக நடத்து, அப்படி நடத்தும்போது சுற்றுச்சூழலையும் மனதில் வை என்கிறது. இதை நம்பித்தான் கிளையன்ட்எர்த் என்ற சுற்றுச்சூழல் அமைப்பு, கையில் இருந்த 27 பங்குகளோடு 2023-இல் ஷெல் எண்ணெய்க் கம்பெனியின் இயக்குநர்கள் மேல் வழக்குத் தொடர அனுமதி கேட்டது. லண்டன் உயர் நீதிமன்றம் மறுத்துவிட்டது. பல விஷயங்களை எடைபோட்டு முடிவெடுப்பது இயக்குநர்களின் வேலை, அதில் நீதிமன்றம் எளிதில் தலையிடாது என்பதுதான் சாரம். மனதில் வைத்தோம் என்று போர்டு சொல்லிவிட்டால் அதற்கு மேல் கேட்பது கடினம்.

இப்போது நம் 2013-ஆம் ஆண்டு கம்பெனிகள் சட்டம். 166(2) பிரிவைப் படிக்கும்போதெல்லாம் எனக்கு ஒரு பெருமை வரும். கம்பெனி, தொழிலாளர்கள், பங்குதாரர்கள், சமுதாயம் ஆகியோரின் நலனுக்காகவும் சுற்றுச்சூழலைப் பாதுகாக்கவும் இயக்குநர் செயல்பட வேண்டும். மனதில் வை என்ற நழுவல் இங்கே இல்லை. எல்லாரும் ஒரே பந்தியில் உட்கார்ந்திருக்கிறார்கள். அடுத்த உட்பிரிவு, உரிய கவனத்தோடும் திறமையோடும் செயல்படச் சொல்கிறது. மூன்றில் சொல்வலிமை மிக்கது நம்முடையதுதான். பருவநிலை என்ற வார்த்தை இந்த மூன்று பிரிவுகளிலுமே இல்லை. ஆனால் பருவநிலை மாற்றத்தின் பாதிப்பிலிருந்து விடுபட்டு வாழ்வது அடிப்படை உரிமை என்று உச்ச நீதிமன்றம் 2024-இல் ரஞ்சித்சிங் வழக்கில் சொன்ன பிறகு, 166-ஐ அந்த வெளிச்சத்தில் படிக்கலாம் என்பது என் கருத்து.

சரி, சாவி யார் கையில்? மீறினால் அபராதம் 1 லட்சம் முதல் 5 லட்சம் ரூபாய் வரை, அவ்வளவுதான். 245-வது பிரிவின் கீழ் கூட்டு வழக்குப் போட, சட்டம் சொல்லும் எண்ணிக்கையில் பங்குதாரர்கள் திரள வேண்டும், அல்லது சட்டம் சொல்லும் அளவு பங்கு கையில் இருக்க வேண்டும். கடலூர் சிப்காட்டை ஒட்டிய குடிகாட்டில் இருப்பவருக்கோ, உப்பனாற்றில் வலை வீசுபவருக்கோ பங்குப் பத்திரம் ஏது? சட்டத்தில் சமுதாயம் என்று அவர்கள் பெயர் இருக்கிறது, கதவைத் தட்டும் உரிமை இல்லை.

அவர்களுக்குத் திறந்திருப்பது தேசிய பசுமைத் தீர்ப்பாயம். தென் மண்டல அமர்வு சென்னையில். பாதிக்கப்பட்ட எவரும் போகலாம், பங்கு எதுவும் வேண்டாம். இழப்பீடு கேட்க ஐந்து ஆண்டு அவகாசம் உண்டு. விபத்து என்றால், எங்கள் மேல் தவறில்லை என்ற வாதம் எடுபடாது. இன்று ஆற்றில் ரசாயனம் கலந்து மீன் செத்து மிதந்தால் நான் கைகாட்டுவது இந்தக் கதவைத்தான், 166-ஐ அல்ல. ஆனால் அந்தத் தீர்ப்பாயம் கையில் எடுக்கும் ஏழு சட்டங்களின் பட்டியலில் கம்பெனிகள் சட்டம் கிடையாது. அங்கே பெரும்பாலும் எழும் கேள்வி, என்ன கெட்டுப்போனது என்பது. கெடுவதற்கு முன் போர்டு என்ன யோசித்தது என்பதைக் கேட்கும் இடம் 166 மட்டுமே. ரசாயனத் தொட்டியை ஆற்றங்கரையில் தாழ்வாக வைக்கலாமா என்பது புயலுக்கு முன்னால் கேட்க வேண்டிய கேள்வி.

பங்குச் சந்தையைக் கண்காணிக்கும் செபி கேட்கும் நிலைத்தன்மை அறிக்கை இந்த இடைவெளியை அடைக்கும் என்று சிலர் நம்புகிறார்கள். அது பட்டியலிடப்பட்ட முதல் 1,000 கம்பெனிகளுக்குத்தான். நான் பார்க்கும் கம்பெனிகள் அதன் பக்கத்தில்கூட வராது.

சட்டம் திருத்தச் சொன்னால் நான் கேட்பது ஒன்றே. வாசகம் நம்முடையதே இருக்கட்டும். பாதிக்கப்பட்டவரே நோட்டீஸ் கொடுக்கும் உரிமையை பிரான்ஸிலிருந்து எடுத்து அதோடு சேர்க்க வேண்டும். 166-இல் பெயர் சொல்லப்பட்ட தொழிலாளிக்கும் ஊர்க்காரருக்கும் அது கிடைக்க வேண்டும்.

அன்றைய மீட்டிங்கில் இன்சூரன்ஸ் வரிக்குக் கீழே இன்னொரு வரி எழுதலாமா என்று கேட்டேன்: 2011, 2024 இரண்டிலும் தண்ணீர் நின்ற உயரம், அதற்கு மேல் எதை எதை ஏற்றி வைப்பது, எந்தத் தேதிக்குள். தலைவர் கொஞ்ச நேரம் சுவரைப் பார்த்தார். அப்புறம் டேப் எடுத்து வரச் சொன்னார்.