ஸ்டாண்டிங் டேபிளா, சாதா சேரா? கணக்கு போட்டுப் பாத்துட்டேன்

போன வருஷம் மோட்டர் வச்ச ஸ்டாண்டிங் டேபிள் ஒண்ணு 22 ஆயிரம் குடுத்து வாங்கினேன், ஒரே காரணம் தொப்பைதான். நின்னுக்கிட்டே வேலை பாத்தா அது பாட்டுக்கு கரைஞ்சிரும்னு ஒரு நெனப்பு. இப்ப இத பழைய சேர்ல உக்காந்துதான் டைப் பண்றேன்.

மொதல்ல சும்மா உக்காந்திருந்தாலே எவ்ளோ கலோரி எரியுதுன்னு பாக்கணும். நான் 72 கிலோ, 168 செ.மீ, வயசு 41. 1990-ல வந்த மிஃப்லின் ஃபார்முலா இருக்கு, எடைய 10-ஆல, உயரத்த 6.25-ஆல பெருக்கி கூட்டிட்டு, வயச 5-ஆல பெருக்கி கழிச்சிரணும், அப்புறம் ஆம்பளைன்னா 5 கூட்டணும், பொம்பளைன்னா 161 கழிக்கணும். எனக்கு ஒரு நாளைக்கு 1570 வருது, அதாவது மணிக்கு 65 கலோரி. நம்ம ஊர் உடம்புக்கு வெளிநாட்டு ஃபார்முலா கொஞ்சம் கூடவே காட்டும், இந்திய மருத்துவ ஆராய்ச்சி கவுன்சிலே (ஐசிஎம்ஆர்) ஒரு சமயம் அந்த மாதிரி ஃபார்முலாவ 5 சதவீதம் கொறச்சுத்தான் எடுத்துக்கிட்டாங்க. உக்காந்து டைப் பண்ணா மணிக்கு 80 கலோரி கிட்ட வரும்னு வச்சுக்குவோம்.

இதுல பெரும்பங்கு மூளை, ஈரல், இதயம், கிட்னி சாப்புடுறது. மூளை உடம்பு எடையில 2 சதவீதம்தான், ஆனா ஓய்வுல இருக்கும்போது எரியுறதுல அஞ்சுல ஒரு பங்கு அதுக்கே போயிருது. நீங்க நின்னாலும் உக்காந்தாலும் இந்த நாலும் தன் வேலைய செஞ்சுக்கிட்டேதான் இருக்கும், அதனாலதான் எந்திரிச்சு நின்னவுடனே மீட்டர் எகிறிராது.

எவ்ளோதான் கூடும்? 2018-ல அமெரிக்காவுல இருக்கிற மேயோ கிளினிக் ஆஸ்பத்திரி ஆளுங்க 46 ஆய்வ ஒண்ணா சேத்துப் பாத்ததுல உக்காருறதுக்கும் நிக்கிறதுக்கும் வித்தியாசம் நிமிஷத்துக்கு 0.15 கலோரின்னு வந்துச்சு. மணிக்கு 9. நான் கெண்டைக்கால் கடுக்க கடுக்க தெனம் நாலு மணி நேரம் நின்னேன், மொத்தம் 36 கலோரி. ஒரு ஸ்பூன் சர்க்கரை அஞ்சு கிராம், 20 கலோரி. ஆக காலையில டீயில போட்ட ரெண்டு ஸ்பூன் சர்க்கரையக்கூட முழுசா தீக்கல. 22 ஆயிரம் ரூபாய்க்கு!

இப்ப சேர் பக்கம் வாங்க. மெதுவா நடந்தாலே சும்மா இருக்கிறத விட மூணு மடங்கு எரியும், எனக்கு மணிக்கு 195 மாதிரி. உக்காந்து டைப் பண்ற 80-ஐ கழிச்சா 115 எக்ஸ்ட்ரா, அஞ்சு நிமிஷத்துக்கு கிட்டத்தட்ட 10. அதாவது மொட்டை மாடிக்குப் போயி அஞ்சு நிமிஷம் சுத்திட்டு வந்தா ஒரு மணி நேரம் நின்னதுக்கு சமம். மணிக்கு ஒரு தடவைன்னு எட்டு தடவை போனா 80 கலோரி ஆச்சு, டேபிள் குடுத்த மாதிரி ரெண்டு மடங்குக்கு மேல, செலவு செருப்பு தேய்மானம்தான்.

எனக்கு இதுல ஞாபகம்தான் பிரச்சனையா இருந்துச்சு. அலாரம் வச்சேன், மூணாவது நாளே கையி தானா ஸ்நூஸ் அமுக்குச்சு. அப்புறம் ஒரு லிட்டர் பாட்டில தூக்கி வச்சுட்டு கால் லிட்டர் டம்ளர மட்டும் மேஜையில வச்சுக்கிட்டேன், காலியானா கிச்சனுக்குப் போயித்தான் ஆகணும், குடிச்ச தண்ணிக்கு பாத்ரூமும் போயித்தான் ஆகணும். அது ஓடுது.

ஜிம்முல மசில் ஏத்துனா உக்காந்திருக்கும்போதே எரியும்னு சொல்றாங்களே, அது பொய்யில்ல, ஆனா ஓய்வுல ஒரு கிலோ தசைக்கு நாளைக்கு 13 கலோரிதான். ரெண்டு கிலோ ஏத்த ஒரு வருஷம் முக்கினாலும் 26. ஜிம் போங்க, இதுக்காகப் போகாதீங்க.

டேபிளுக்காக ஒரு வார்த்தை சொல்லணும்னா, சாப்புட்டு உக்காந்தா வர்ற மத்தியான தூக்கம் நின்னா வரல. முதுகு வலிக்கு நல்லதுன்னு பலபேர் சொல்றாங்க, நான் நாலு மாசம்தான் நின்னேன், எனக்கு முதுகு வலியும் கிடையாது, அதனால அந்த காரணத்துக்காக வாங்குறவங்கள நான் தடுக்கல. தொப்பைக்காக வாங்குறதா இருந்தா மட்டும் என்கிட்ட ஒண்ணு சும்மாதான் கெடக்கு, பாதி வெலைக்கு எடுத்துக்கோங்க.