லெ காரேயை எந்த நாவலில் தொடங்குவது?

ஆங்கிலத்தில் உளவு நாவல்கள் எழுதிய ஜான் லெ காரேயைப் பாதியில் கைவிட்டவர்கள் குன்னூரிலும் ஊட்டியிலும் எனக்குப் பலரைத் தெரியும். அவர்களில் பெரும்பாலோர் கைவிட்டது ஒரே நாவலை: 'டிங்கர் டெய்லர் சோல்ஜர் ஸ்பை'. 2011-ல் கேரி ஓல்ட்மேன் நடித்து வந்த படத்தைப் பார்த்துவிட்டோ, எல்லோரும் அதைத்தான் புகழ்கிறார்கள் என்பதாலோ அதை எடுக்கிறார்கள். ஐம்பது, அறுபது பக்கத்துக்குள் மூடிவிடுகிறார்கள். அதன்பின் 'அவர் எழுத்து நமக்கு ஒத்துவராது' என்று தீர்ப்பும் எழுதிவிடுகிறார்கள். இதில் எனக்கு உண்மையான வருத்தம் உண்டு. ஒரு பெரிய எழுத்தாளரை, தவறான வாசல் வழியாக நுழைந்த ஒரே காரணத்தால் இழக்கிறார்கள்.

டேவிட் கார்ன்வெல் என்பது அவருடைய இயற்பெயர். 1931-ல் பிறந்து 2020-ல் இறந்தார். பிரிட்டனின் உள்நாட்டு உளவுத் துறை, வெளிநாட்டு உளவுத் துறை இரண்டிலும் வேலை பார்த்தவர். முதல் மூன்று நாவல்களை எழுதியபோது அரசாங்கச் சம்பளத்தில்தான் இருந்தார். 1961-ல் வந்த 'கால் ஃபார் தி டெட்' முதல், மறைவுக்குப் பிறகு 2021-ல் வெளியான 'சில்வர்வியூ' வரை மொத்தம் 26 நாவல்கள். இத்தனையில் எதை முதலில் எடுப்பது என்ற கேள்வி நியாயமானதுதான். என் கணக்கில் உண்மையான போட்டி மூன்று புத்தகங்களுக்குள். நான்காவது ஒன்று தனி வகை.

முதலில், பலரைத் திருப்பி அனுப்பும் 'டிங்கர் டெய்லர்' (1974). இது மகத்தான நாவல் என்பதில் எனக்கு ஐயமே இல்லை. பிரிட்டிஷ் உளவுத் துறையின் உச்சியில் ரஷ்யாவின் ஆள் ஒருவன் இருக்கிறான். ஓய்வில் அனுப்பப்பட்ட உளவு அதிகாரி, லெ காரேயின் பல நாவல்களில் வரும் ஜார்ஜ் ஸ்மைலி, அவன் யாரென்று கண்டுபிடிக்க வேண்டும். அம்பாலாவில் 1912-ல் பிறந்து, பிரிட்டிஷ் உளவுத் துறையில் மிக உயரத்துக்குப் போய், 1963-ல் மாஸ்கோவுக்குத் தப்பியோடிய கிம் ஃபில்பியின் துரோகம்தான் இந்தக் கதைக்கு விதை.

தொடக்கமும் நம் மலைக்காரர்களுக்கு நெருக்கமானது. ஓர் உறைவிடப் பள்ளி. கொட்டும் மழையில் பழைய ஆல்விஸ் கார் ஒன்று ஒரு கேரவனை இழுத்துக்கொண்டு வருகிறது. முதுகு கோணலான புதிய ஆசிரியர் ஜிம் பிரிடோ வந்து சேர்வதை, யாருடனும் ஒட்டாத பில் ரோச் என்ற மாணவன் மட்டும் ஜன்னலிலிருந்து பார்க்கிறான். லவ்டேலிலும் கொடைக்கானலிலும் விடுதியில் படித்தவர்களுக்கு அந்தச் சிறுவனின் தனிமையை விளக்க வேண்டியதில்லை.

ஆனால் அடுத்த அத்தியாயத்திலேயே காட்சி லண்டனுக்குத் தாவுகிறது. ஸ்மைலியிடம் வம்பளக்கும் ஒருவர் வாயிலிருந்து அலிலைன், ஹேடன், பிளாண்ட், எஸ்டர்ஹேஸ் என்று பெயர்கள் கொட்டுகின்றன. யார் எந்தப் பதவியில் இருந்தார், யாரை யார் தூக்கியடித்தார் என்பது எதுவும் நமக்குத் தெரியாது. லெ காரே வேண்டுமென்றேதான் சொல்லாமல் விடுகிறார். வேறொருவர் அலுவலகத்தின் பழைய கோப்பைப் பிரித்து வைத்துக்கொண்டு திணறும் நிலைக்கு வாசகரைக் கொண்டுவருவது அவருடைய உத்தி. ஆங்கிலத்தைப் பள்ளியில் கற்று, வீட்டில் தமிழ் பேசும் ஒருவருக்கு இந்தச் சுமை இரட்டிப்பாகிறது. உளவுத் துறையின் குழூஉக்குறி ஒருபக்கம், பிரிட்டிஷ் மேட்டுக்குடியின் பேச்சு இன்னொரு பக்கம். "சித்தப்பா, நான்காவது அத்தியாயம் வந்துவிட்டேன், இன்னும் யார் யாரென்றே பிடிபடவில்லை" என்று என் அண்ணன் மகள் சொன்னபோது அவள் மேல் குறையே இல்லை.

இதைவிட முக்கியமான காரணம் ஒன்று உண்டு. இந்த நாவலின் மிக உயர்ந்த பகுதி டில்லிச் சிறையில் நடக்கிறது. 1955-ல் அங்கே பிடிபட்டிருக்கும் ரஷ்ய உளவாளி கார்லாவைத் தம் பக்கம் இழுக்க ஸ்மைலி போகிறார். கடும் வெயில். ஸ்மைலி பேசப் பேச, எதிரே இருப்பவன் வாயைத் திறப்பதே இல்லை. கேள்வி கேட்க வந்தவர் தம் மனக்குறையையே கொட்டிவிடுகிறார். கடைசியில் கார்லா, ஸ்மைலி நீட்டிய சிகரெட்டைத் தொடாமல், ஸ்மைலியின் மனைவி ஆன் பரிசளித்த லைட்டரை மட்டும் எடுத்துக்கொண்டு போய்விடுகிறான். ஆன் யார், அவளிடம் ஸ்மைலி எவ்வளவு அடிபட்டவர் என்று முன்பே தெரிந்தவருக்கு அந்த லைட்டர் சுடும். தெரியாதவருக்கு அது வெறும் லைட்டர்.

இரண்டாவது, 'தி ஸ்பை ஹூ கேம் இன் ஃப்ரம் தி கோல்ட்' (1963). வெலிங்டனில் என் நண்பர் ஒருவர், ராணுவத்திலிருந்து ஓய்வு பெற்றவர், இதைத்தான் முதலில் படிக்க வேண்டும் என்று அடித்துச் சொல்வார். அவர் வாதத்தில் வலு இருக்கிறது. சிறிய நாவல். வீண் வாக்கியம் ஒன்றுகூடக் கிடையாது. முதல் வரியிலேயே பெர்லின் சோதனைச் சாவடியில் அலெக் லீமாஸ் காத்திருக்கிறார். அமெரிக்கக் காவலர் இன்னொரு கோப்பை காபி கொடுக்கிறார். கிழக்கிலிருந்து தப்பி வர வேண்டிய ஆள் இன்னும் வரவில்லை. பிறகு ஒரு சைக்கிள் வருகிறது, விளக்கு பாய்கிறது, துப்பாக்கி வெடிக்கிறது. பெர்லின் சுவர் எழுந்தது 1961-ல். சுவரின் சிமெண்ட் காய்வதற்குள் எழுதியது போன்ற வேகம் அந்தப் பக்கங்களில் இருக்கிறது. அதன்பின் லீமாஸ் குடிக்கிறார், வேலையை இழக்கிறார், மளிகைக் கடைக்காரரை அடித்துச் சிறைக்குப் போகிறார். அதில் எவ்வளவு நடிப்பு, எவ்வளவு நிஜம் என்று கடைசி வரை நம்மைத் தவிக்க விடுகிறார். மாத நாவல்களில் துப்பறியும் கதை படித்து வளர்ந்தவர்களை இந்த வேகம் நிச்சயம் பிடித்துக்கொள்ளும்.

அப்படியிருந்தும் இதை முதலில் வைக்க எனக்குச் சம்மதமில்லை. இந்த நாவலில் ஸ்மைலி நிழலில் நிற்கிறார். ஓரிரு இடங்களில் தலைகாட்டுகிறார், மறைகிறார். அவரை முன்பின் தெரியாமல் படிப்பவர் அந்த இடங்களைக் கவனிக்காமல் தாண்டிவிடுவார். அவரை நல்ல மனிதராக ஏற்கெனவே நேசிக்கத் தொடங்கியவருக்கோ நெஞ்சு பதறும்: இவ்வளவு கொடிய திட்டத்துக்கு இந்த மனிதர் எப்படி உடன்பட்டார்? லெ காரே வாழ்நாளெல்லாம் எழுதியது இந்த ஒரு கேள்வியைத்தான். நல்லதுக்காக நிற்பதாகச் சொல்லும் ஓர் அரசு, தன்னை நம்பிய எளிய மனிதர்களை என்ன செய்கிறது? நல்லவர்கள் அதற்கு ஏன் கையெழுத்துப் போடுகிறார்கள்? அந்தக் கேள்வியின் முழு வலியும் கிடைக்க வேண்டுமென்றால் ஸ்மைலியை முதலில் சந்தித்தாக வேண்டும்.

அதனால் என் தேர்வு அவருடைய முதல் நாவலான 'கால் ஃபார் தி டெட்'. முதல் அத்தியாயமே ஸ்மைலியின் வாழ்க்கைச் சுருக்கம். குள்ளமான, தடித்த, விலையுயர்ந்த துணியைப் பொருந்தாமல் தைத்து அணிகிற மனிதர். பழைய ஜெர்மன் இலக்கியத்தில் ஆழ்ந்தவர். அழகி ஆன் அவரை மணந்து, பிறகு விட்டுவிட்டுப் போனவள். சில பக்கங்களில் இந்த மனிதர் மனத்தில் உட்கார்ந்துவிடுகிறார்.

கதை இதுதான். வெளியுறவுத் துறை அதிகாரி சாமுவேல் ஃபெனன் மீது ஒரு மொட்டைக் கடிதம் வருகிறது. ஸ்மைலி அவரை நட்பாகவே விசாரித்து அனுப்புகிறார். ஆனால் ஃபெனன் தற்கொலை செய்துகொண்டதாகத் தகவல் வருகிறது. மறுநாள் காலை ஸ்மைலி அந்த வீட்டில் மனைவி எல்சாவிடம் பேசிக்கொண்டிருக்கும்போது தொலைபேசி ஒலிக்கிறது. தமக்குத்தான் அலுவலகத்திலிருந்து அழைப்பு என்று நினைத்து ஸ்மைலி எடுக்கிறார். பேசுவது டெலிபோன் எக்ஸ்சேஞ்ச். முந்தைய நாள் பதிவு செய்த எட்டரை மணி அழைப்பு. இரவில் சாகப் போகிறவர் காலையில் எழுப்பச் சொல்வாரா? அந்த ஒரு மணியோசையிலிருந்து முழு நாவலும் அவிழ்கிறது. ஒரு சாதாரணச் செய்தியை ஸ்மைலி விடாமல் பிடித்துக்கொள்கிறார், அவ்வளவுதான். எல்சா நாஜி முகாமிலிருந்து உயிர் தப்பியவர். அவர் பேசும் பக்கங்களில் லெ காரே வெறும் துப்பறியும் எழுத்தாளர் அல்ல என்பது தெரிந்துவிடும்.

குறைகளும் உண்டு. பிற்பகுதியில் மர்மத்தை விளக்க ஓர் அறிக்கையே வந்துவிடுகிறது. பிற்கால லெ காரே அப்படிச் செய்யமாட்டார். பெண் பாத்திரங்களில் ஆன் வெறும் பெயராகவே நிற்கிறாள். ஆனால் ஏறத்தாழ 160 பக்கம்தான். மேட்டுப்பாளையத்தில் மலை ரயில் ஏறினால் ஊட்டிக்கு 46 கிலோமீட்டர், ஐந்து மணி நேரத்துக்குச் சற்றுக் குறைவு; ஆங்கில வாசிப்பில் பழக்கம் உள்ளவர் அந்தப் பயணத்திலேயே பெரும்பகுதியை முடித்துவிடலாம். இன்னொரு லாபம்: இதில் வரும் முண்ட் என்ற கொலைகாரன்தான் அடுத்து 'தி ஸ்பை' நாவலில் கிழக்கு ஜெர்மன் உளவுத் துறையின் பெரிய ஆளாக வருகிறான். இதைப் படித்தவருக்கு அங்கே அந்தப் பெயரைக் கண்டதும் முதுகு சில்லிடும்.

தனி வகை என்று சொன்னது 'தி கான்ஸ்டன்ட் கார்டனர்' (2001). உளவுக் கதையே பிடிக்காது என்பவர்கள் இதில் தொடங்கலாம், தப்பில்லை. கென்யாவில் டெஸ்ஸா என்ற இளம்பெண் கொல்லப்படுகிறாள். நைரோபித் தூதரகத்தில் சத்தமில்லாமல் வேலை பார்த்து, தோட்டம் வளர்ப்பதே உலகம் என்றிருந்த கணவர் ஜஸ்டின் காரணத்தைத் தேடிப் புறப்படுகிறார். காசநோய் மருந்தை ஏழைகள் மீது சோதிக்கும் ஒரு கம்பெனியின் கதை அவருக்குத் தெரியவருகிறது. எங்கள் பகுதியில் செவிலியராக இருக்கும் ஒருவர் இதில் தொடங்கி, கோபத்தோடு ஒரே மூச்சில் முடித்தார். லெ காரேயின் அறச்சீற்றம் இவ்வளவு வெளிப்படையாக வேறெதிலும் இல்லை. ஆனால் ஸ்மைலியின் உலகத்துக்குள் இது உங்களைக் கொண்டுசெல்லாது.

மற்றவற்றை வேகமாகச் சொல்லிவிடுகிறேன். 'எ மர்டர் ஆஃப் குவாலிட்டி' (1962) பள்ளி ஒன்றில் நடக்கும் கொலை; ஸ்மைலி இருக்கிறார், உளவு இல்லை. உறைவிடப் பள்ளி ஆசிரியர்களுக்குப் பிடிக்கும். 'தி நைட் மேனேஜர்' (1993) தொடராக வந்து இங்கே பலருக்குத் தெரியும், 2023-ல் இந்தியிலும் எடுத்தார்கள். படிக்கச் சுகம், ஆனால் அவருடைய முதல்தரம் அல்ல. 'எ லெகசி ஆஃப் ஸ்பைஸ்' (2017) புதிதாக இருக்கிறதே என்று தயவுசெய்து முதலில் எடுக்காதீர்கள். 'தி ஸ்பை' நாவலின் ரகசியத்தை அது போட்டு உடைத்துவிடும்.

1859-ல் தொடங்கிய ஊட்டி நீலகிரி நூலகத்தில் உறுப்பினராக இருப்பவர்கள் முதலில் அங்கே அலமாரியைத் தேடிப் பார்க்கட்டும். 'கால் ஃபார் தி டெட்', உடனே 'தி ஸ்பை', பிறகு தென்மேற்குப் பருவமழை இறங்கி நான்கு நாள் வெளியே போக முடியாத வேளையில் 'டிங்கர் டெய்லர்'. அந்த நாவலில் உளவுத் துறைத் தலைமையகம் இருப்பது லண்டன் சேரிங்கிராஸ் சாலையின் கேம்பிரிட்ஜ் சர்க்கஸ் சந்திப்பில். ஊட்டி சேரிங்கிராஸில் பஸ்ஸுக்கு நிற்கும்போதெல்லாம் எனக்கு அது நினைவுக்கு வரும். அதற்கடுத்து கார்லாவின் கதை முடியும் 'ஸ்மைலிஸ் பீப்பிள்' (1979). நடுவே ஹாங்காங்கில் நடக்கும் 'தி ஹானரபிள் ஸ்கூல்பாய்' (1977) மிக நீளம். பிடித்தால் படியுங்கள், விட்டாலும் கார்லா கதை அறுபடாது. மோசடி செய்து சிறைக்குப் போன தம் தந்தையை மனத்தில் வைத்து அவர் எழுதிய 'எ பெர்ஃபெக்ட் ஸ்பை' (1986) நாவலை இவை எல்லாவற்றுக்கும் பிறகு எடுங்கள். பொய் சொல்லி வாழும் மனிதர்களை இவர் ஏன் விடாமல் எழுதினார் என்பது அதில்தான் புரியும்.