36 இன்காட் போட்டுக் கட்டிய காவல்: மைன்கிராஃப்ட் அயர்ன் கோலெமோடு என் அனுபவம்

மைன்கிராஃப்ட் கணினி விளையாட்டில் கொஞ்சம் இரும்பு சேர்ந்ததும் எல்லோருக்கும் வரும் குழப்பம் இது: முதலில் கவசம் செய்துகொள்வதா, கிராமத்தைக் காவல் காக்கும் இரும்பு உருவமான அயர்ன் கோலெமைக் கட்டுவதா? உங்கள் வீடு கிராமத்துக்குள் இருந்தால், கோலெம்தான் முதலில் என்பேன். நானும் அக்கா மகனும் ஜாவா எடிஷன் என்ற கணினிப் பதிப்பில், பொருள் தேடிச் சேர்த்து உயிர் பிழைக்க வேண்டிய சர்வைவல் முறையில், ஒரே உலகத்தை வருடக்கணக்காக வைத்து ஆடுகிறோம். எங்கள் கிராமத்தில் கருவிகளைப் பழுது பார்க்கும் மெண்டிங் மந்திரப் புத்தகம் விற்கிற லைப்ரேரியன் (நூலகர்) ஒருவர் இருக்கிறார். அவரைக் காப்பாற்றத்தான் கோலெம் கட்ட ஆரம்பித்தோம்.

செலவு கொஞ்சம் கனமானதுதான். நான்கு இரும்பு பிளாக், அதாவது 36 இன்காட் (உருக்கிய இரும்புக் கட்டி). தலை முதல் கால் வரை முழு இரும்புக் கவசத்துக்கே 24 தான் ஆகும். கீழே ஒரு பிளாக், அதன்மேல் வரிசையாக மூன்று, நடுவில் உள்ளதன்மேல் செதுக்கிய பூசணி. பூசணியைக் கடைசியாகத்தான் வைக்க வேண்டும். வைத்தும் உயிர் வரவில்லை என்றால் கைகளுக்குக் கீழே பாருங்கள். அங்கே புல்லோ பூவோ முளைத்திருந்தாலே போதும், கோலெம் எழாது. பறித்துவிட்டுப் பூசணியை எடுத்து மறுபடி வையுங்கள்.

அதன் பலத்தை இரவில்தான் பார்க்க வேண்டும். உயிர் 100 பாயிண்ட், நம்முடையதைப் போல ஐந்து மடங்கு. ஜாம்பி கிராமத்துப் பக்கம் வந்ததும் மெதுவாகத் திரும்பி நேராக அதை நோக்கி நடக்கும். இரண்டு கையும் ஒன்றாக மேலே போகும், ஜாம்பி தூக்கி எறியப்பட்டு வானத்தில் போய் விழும். நார்மல் லெவலில் ஓர் அடிக்கு 7.5-இலிருந்து 21.5 வரை சேதம். 20 பாயிண்ட் உயிர் கொண்ட ஜாம்பி சில நேரம் ஓரடியிலேயே முடிந்துவிடும், இல்லையென்றால் இரண்டு மூன்றில். எவ்வளவு உயரத்திலிருந்து விழுந்தாலும் கோலெமுக்கு அடிபடாது, தண்ணீரில் மூச்சும் முட்டாது. ஹார்ட் லெவலில் ஜாம்பி கையால் சாகிற ஒவ்வொரு வில்லேஜரும் (கிராமவாசியும்) ஜாம்பியாகவே மாறுவார். பிறகு வீக்னஸ் போஷனும் (பலவீன மருந்தும்) தங்க ஆப்பிளும் தேடி அலைந்து குணப்படுத்த வேண்டும். அந்த அலைச்சலை நினைத்தால் 36 இன்காட் ஒரு செலவே இல்லை.

ஆனால் கிட்டே வந்து வெடிக்கிற எதிரியான கிரீப்பரை மட்டும் அது கண்டுகொள்ளவே கண்டுகொள்ளாது. பக்கத்திலேயே நின்று கிரீப்பர் உங்கள் சுவரை வெடிக்க வைத்தாலும் கையைத் தூக்காது. புதிதாகக் கட்டுகிறவர்கள் ஏமாந்துபோவது இங்கேதான். இதற்கு வழி பூனை. கிராமத்தில் திரிகிற பூனைகளுக்குப் பச்சை மீன் கொடுத்துப் பழக்கி, வாசல்களுக்குப் பக்கத்தில் உட்கார வைத்துவிடுங்கள். கிரீப்பர் பூனையைக் கண்டால் ஒதுங்கி ஓடும். மேலே பறந்து வந்து தாக்கும் ஃபேண்டமும் பூனை இருக்கிற இடத்தில் கீழே இறங்கப் பயப்படும். அது கோலெமின் கைக்கு எட்டாத எதிரி. ஆக, கோலெமும் பூனையும் சேர்ந்தால்தான் காவல் முழுமை.

அடுத்த தொல்லை, அது ஓர் இடத்தில் நிற்காது. ஒரு ஜாம்பியைத் துரத்திக்கொண்டு ஆற்றுக்குள் இறங்கிவிடும். நீந்தத் தெரியாது என்பதால் அடியிலேயே நடந்துகொண்டிருக்கும். கரை செங்குத்தாக இருந்தால் ஏறி வர வழியே இல்லை. லீட் கயிற்றால் வேலிக்கம்பத்தில் கட்டிப் பார்த்தோம், எதிரி கயிற்றின் எல்லையைத் தாண்டி நின்றால் பயனில்லை. எங்களுக்கு ஒத்துவந்தது வேலி. கிராமத்தைச் சுற்றி வேலி போட்டு ஒரு பிளாக் அகலத்தில் மட்டும் கேட் வைத்தோம். கோலெமின் உடம்பு ஒரு பிளாக்கைவிட அகலம் என்பதால் அந்த வழியே வெளியே போகாது. நாம் தாராளமாகப் போய் வரலாம்.

இனி பராமரிப்பு. 2019 இறுதியில் வந்த 1.15 பதிப்புக்கு முன்பு அடிபட்ட கோலெமை நாம் இன்காட் கொடுத்துச் சரிசெய்ய முடியாது. இப்போது ஓர் இன்காட்டைக் கையில் வைத்து அதன்மேல் க்ளிக் செய்தால் 25 பாயிண்ட் ஏறும். உடம்பில் எவ்வளவு உயிர் மிச்சம் என்பதை விரிசலைப் பார்த்தே சொல்லிவிடலாம். முதலில் மெல்லிய கோடுகள், பிறகு ஆழமான பிளவுகள், கடைசியில் உடம்பு முழுக்கக் கருப்புப் பிளவுகள். இன்காட் வைக்க வைக்க, 'டங்' என்ற சத்தத்தோடு ஒவ்வொரு கட்டமாக விரிசல் மறையும். எனக்கு இந்த விளையாட்டில் மிகவும் பிடித்த சில நொடிகள் அவை. நேரத்துக்குச் செய்யாமல் விட்டுச் செத்துப்போனால் திரும்பக் கிடைப்பது 3 முதல் 5 இன்காட் மட்டும்.

கொள்ளையர் கூட்டம் அலை அலையாகக் கிராமத்தைத் தாக்கும் ரெய்டு வரும்போது இந்தப் பராமரிப்பின் அருமை தெரியும். ஹார்ட் லெவலில் ஏழு அலைகள். குறுக்குவில் ஏந்திய பில்லேஜரும் கோடரிக்காரர்களும் வரை ஒரு கோலெம் தாங்கும். ராவேஜர் என்ற பெரிய மிருகம் வந்தால் நிலைமை வேறு, அதற்கும் 100 பாயிண்ட் உயிர். இரண்டு கோலெமாவது இல்லாமல் நாங்கள் இப்போது ரெய்டை எதிர்கொள்வதில்லை. அலைகளுக்கு நடுவே கிடைக்கும் இடைவெளியில் ஒருவர் சண்டைக்குத் தயாராக நிற்க, மற்றவர் இன்காட்டோடு கோலெம்களைச் சுற்றி வருவோம். அக்கா மகன் இந்த வேலையை என்னிடம் விடவே மாட்டான்.

கிராமத்தில் தானாகத் தோன்றும் கோலெமைவிட நாம் கட்டியது ஒரு விஷயத்தில் மேல். சண்டை நெருக்கத்தில் நம் வாள் தவறிப் பட்டால், கிராமத்து கோலெம் நம்மையே திருப்பி அடிக்கும். நாம் கட்டியது ஜாவா எடிஷனில் நம்மேல் கை வைக்கவே வைக்காது.

ஸ்னோ கோலெமையும் காப்பர் கோலெமையும் இதோடு ஒப்பிட்டுக் கேட்பவர்கள் உண்டு. ஸ்னோ கோலெமுக்கு உயிர் வெறும் 4 பாயிண்ட், மழையில் கரையும், அதன் பனிப்பந்து பிளேஸ் என்ற நெருப்பு எதிரியைத் தவிர யாரையும் காயப்படுத்தாது. 2025-இல் வந்த காப்பர் கோலெம் பெட்டிகளில் பொருள் பிரித்து அடுக்குகிற வேலைக்காரன், சண்டை அதன் வேலையே இல்லை.

இரும்பு இன்னும் குறைவாக இருக்கிறதென்றால், முதலில் பாதை ஓரமெல்லாம் டார்ச் வைத்து வேலியை முடித்துவிடுங்கள். 1.18-க்குப் பிறகு முழு இருட்டில்தான் எதிரிகள் முளைக்கும் என்பதால் அதுவே பாதி வேலை. அடுத்த 36 இன்காட் சேர்ந்ததும் லைப்ரேரியன் வீட்டு வாசலிலேயே கோலெமைக் கட்டுங்கள்.